புதுக் கேமராவில் ஒரு குறை

ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தானின் இடுப்பைத் தவிர. பஸ் ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று கேட்டுவிட்டேன், இரண்டு நாளாகப் புலம்பலைக் காணோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கப்பல் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் பசியே தெரியாது. அதனால் பசிக்கும் வரை காத்திருக்காமல் மணி பார்த்துச் சாப்பிடு.

கேமரா வந்துவிட்டது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பொம்மையும் வேண்டாம், தொழில்காரர்கள் கழுத்தில் மாட்டித் திரிகிற பீரங்கியும் வேண்டாம், ஆசைக்குப் படம் எடுக்கிறவர்களுக்கென்று நடுவில் ஒரு ரகம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதே மாடல்தான். பதினைந்து நாளைக்குள் பிடிக்கவில்லையென்றால் பெட்டியோடு கொண்டு வாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் துணியில் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருப்பவள் நான். வீட்டுக்கு வந்த மறுநிமிஷமே அதன் கழுத்துப் பட்டையில் ஒரு தையல் பிசகியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, அதே கேமராவில் படம் பிடித்து, அத்தானை விட்டு ஈமெயிலில் அனுப்பச் சொல்லப் போகிறேன். எனக்கு டைப் அடிக்கப் பொறுமை இல்லை. கேமராவுக்கும் ஒரு பரீட்சை ஆயிற்று.

இனி மில் விஷயம். போன கடிதத்தில் நான் அவசரமாக எழுதியது உனக்குப் புரியவில்லை என்றாய். நிதானமாகச் சொல்கிறேன், கேள். அடியில் விளக்கு எரிகிற சாய்வான கண்ணாடி மேஜை மீது துணி ஓடும். நான் எதிரே நின்று பார்ப்பேன். ஓட்டை, கறை, முடிச்சு, இழை விட்டுப்போன கோடு, எது தெரிந்தாலும் மேஜையை நிறுத்திச் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவேன். சந்தேகமாக இருந்தால் நூல் எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியை அந்த இடத்தில் வைத்துக் குனிந்து பார்ப்பேன். ரோல் முழுக்கச் சுத்தம் என்றால் கடைசி முனையில் என் முத்திரை விழும். பதினேழாம் நம்பர். அந்த நம்பர் விழுந்த துணியை வாங்குகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், நேரே கத்தரிக்கோல்தான். அப்படிப்பட்ட பதினேழாம் நம்பர் போட்ட ரோல் மூன்று, ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டன. மூன்றிலும் குறுக்கே ஓடுகிற ஊடை இழை விட்டுப்போன கோடு. கண் தெரியாதவன் கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

நான் விட்டிருக்கவே முடியாது. பக்கத்து மேஜைக்காரிதான் நான் சாப்பிடப் போன நேரத்தில் என் முத்திரையை எடுத்துக் குத்தியிருக்க வேண்டும். அவளைப் புதுசு என்று கூப்பிடுவோம். வந்து மூன்று வருஷமாகிறது, இன்னும் புதுசுதான். என் முத்திரை மேஜை மேலேயே கிடக்கும், அவளுக்கு வேகம் அதிகம், கவனம் குறைவு. இதை நான் மேனேஜரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன். அவர் புதுசை விசாரணை முடியும் வரை கிடங்குக்கு மாற்றிவிட்டார். அதோடு நிற்காமல் எனக்கும் ஒரு கெடு வைத்தார். இந்த மாத முடிவுக்குள் தவறு யாருடையது என்று தெரியாவிட்டால் என்னையும் கண்ணாடி மேஜையிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்கு அனுப்புவாராம். என்னை! அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட!

அதற்குத்தான் இந்தக் கேமரா. நான் சந்தேகப்பட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்து, சரி என்று விடுகிற ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து வைத்துவிடப் போகிறேன். மேனேஜரும் சம்மதித்துவிட்டார். நாளைக்கு எந்த ரோல் திரும்பி வந்தாலும் படத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டலாம். ஏரிக்கரையில் நீர்க்காகத்தைப் படம் எடுக்கவும் ஆயிற்று என்று உன் அத்தானிடம் சொன்னேன். அதுதானே உண்மையான காரணம் என்று சிரிக்கிறார். இருக்கட்டும், அதுவும்தான்.

இரண்டு நாள் பார்த்ததில் என் மதிப்பீடு. கையில் பிடித்தால் நன்றாக அடங்குகிறது, சுண்டுவிரலுக்கும் இடம் இருக்கிறது. கனம் இருக்கிறது, ஆனால் நல்ல பாத்திரத்தின் கனம். பொத்தான்கள் கட்டைவிரல் போகிற இடத்திலேயே இருக்கின்றன. ஷட்டர் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, வேலை செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிற சத்தம்.

ஆனால் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் மகா மோசம். கதவு நிலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நிலைக்கால் நடுவில் மட்டும் வளைந்து நெளிகிறது. ஃபோகஸ் புள்ளிகளில் சுற்றிலும் இருப்பவை பளிச்சென்று தெரிகின்றன, நடுப்புள்ளி மட்டும் மங்கல். பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது, அவரவர் பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிவிட்டேன், பிரயோஜனமில்லை. லென்ஸ் நேர்க்கோட்டைக் கொஞ்சம் வளைக்கும் என்று நீ சொன்னது இதுதானா? கொஞ்சம் என்றாயே! எடுத்த படத்தில் மட்டும் நிலை நேராக இருக்கிறது. எடுத்த பிறகு கேமராவே திருத்திக்கொள்கிறது போல. திருட்டுக் கேமரா.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு. கேமராவைப் பற்றி மட்டும் எழுதாதே, உன்னைப் பற்றியும் இரண்டு வரி எழுது.

அன்புடன்,
எதையும் விடாத உன் அக்கா

* * *

ஞாயிறு மத்தியானம்

அன்புத் தம்பி,

உன் பதில் கிடைத்தது. எப்போதும் நாலு வரி எழுதுகிறவன் இந்தத் தடவை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் முக்கால்வாசி கேள்வி. நிலைக்கால் நடுவில் வளைகிறதா ஓரத்தில் வளைகிறதா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். நடுவில், நடுவில், நடுவில். போதுமா? லென்ஸ் வளைத்தால் ஓரத்தில்தான் வளைக்கும், நடுவில் வளைக்கவே வளைக்காது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இது இன்னும் மோசமான கேமரா என்றுதானே அர்த்தம்?

சரி, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். நீர்க்காகம் ஒன்று கட்டை மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. பொத்தானைப் பாதி அமுக்குவதற்குள் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணைச் சுற்றியிருக்கிற தோல்கூட எண்ணிவிடலாம் போலத் தெரிகிறது. அது பறந்தபோது விடாமல் அமுக்கியதில் ஒன்பது படம், அதில் ஆறு சுத்தம். சும்மா சொல்லக் கூடாது, வேகக்காரன். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றச் சொன்னாயே, மூவாயிரத்து இருநூறு வரை குறையில்லை. அதற்கு மேலே போனால் மணல் தூவின மாதிரி ஆகிறது. பேட்டரி மூன்று நாள் தாங்குகிறது. இதில் பெரிய சந்தோஷம் என்றால் அதுதான், இந்த வீட்டில் மூன்று நாள் தாங்குகிற பொருள் வேறெதுவும் இல்லை.

ஒரு வேடிக்கை. வலது கண் சலித்துப்போய் இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். மூக்கு பின்னாலிருக்கிற ஸ்கிரீனில் அப்பிக்கொண்டு அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிட்டது. ஆனால் படம் பளிச்சென்று இருந்தது, நடுப்புள்ளியும் தெரிந்தது. இடது கைக்காரர்களுக்கென்று செய்த கேமராவை எனக்குத் தள்ளிவிட்டாரோ கடைக்காரர் என்று சந்தேகமாக இருக்கிறது. நாளைக்குக் கேட்க வேண்டும்.

இப்போது பெரிய புகாருக்கு வருகிறேன். இந்தக் கேமராவில் குறை இருக்கிறது. நிச்சயமாக. ஆறு நாளில் முப்பத்தெட்டு ரோல் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, சந்தேகப்பட்டு விட்ட ஒவ்வொரு இடத்தையும் மும்மூன்று படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் நாலு ரோலின் படங்களில் மெல்லிசாக ஒரு கோடு குறுக்கே ஓடுகிறது. நான் கண்ணாடி வைத்துக் குனிந்து பார்த்துச் சுத்தம் என்று விட்ட இடங்கள் அவை! ஒரு படத்தில் இருந்தால் தற்செயல் என்று விடலாம். மூன்று படத்திலும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் இருக்கிறது. உள்ளே படம் விழுகிற சென்ஸாரில் கீறல் இருக்க வேண்டும். மற்ற ரோல்களில் ஏன் வரவில்லை என்று உன் அத்தான் கேட்டார். சூடானால் வரும் போலிருக்கிறது என்றேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார். அவர் அப்படிப் புரட்டினால் எனக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்தே புரட்டுகிறார்.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். பஸ் ஓட்டுகிறவன் என்று எனக்கு வருஷா வருஷம் கண்ணைப் பார்க்கிறார்கள், நாள் பூராவும் கண்ணால் வேலை செய்கிறவள் நீ, உனக்கு யார் பார்க்கிறார்கள், ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வாயேன், சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தும் ஒன்றரை வருஷமாகிறது என்றார். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவளிடம் வந்து கண் சரியில்லை என்றால் கோபம் வராதா? நீயே சொல்.

புதுசு கிடங்கில்தான் இருக்கிறாள். மதியம் கை கழுவுகிற இடத்தில் பார்த்தேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசி, இருமிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான்தான் மூடினேன். குற்றமில்லாதவள் என்றால் நின்று பேச வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமையோடு கடைக்காரர் சொன்ன கெடு முடிகிறது. கேமராவைத் திருப்பிக் கொடுத்து வேறு பெட்டி கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் சென்ஸார் கீறல்தான் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பிவிடு. கப்பல் இன்ஜினியர் சொன்னார் என்றால் கடைக்காரர் மறு பேச்சுப் பேச மாட்டார்.

அந்தக் கோடு விழுந்த படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்து ஆத்திரப்படு.

அன்புடன்,
அக்கா

* * *

புதன்

தம்பி,

நீ அனுப்பியது ஒரே ஒரு வரி. துணியை ஒரு சாண் நகர்த்திவிட்டு மறுபடி எடுத்துப் பார், கோடு அங்கேயே நின்றால் கேமராவில், துணியோடு நகர்ந்தால் துணியில்.

இதைச் செய்ய எனக்கு ஏன் தோன்றவில்லை? மேஜையில் சந்தேகம் வந்தால் நாங்களே தினமும் அப்படித்தான் செய்வோம். விளக்கின் நிழலா துணியின் குறையா என்று பார்க்கத் துணியை நகர்த்துவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்கு நான் சொல்லித்தருகிற பாடம்.

கோடு விழுந்த நாலு ரோலில் மூன்று ஏற்கெனவே லாரி ஏறிவிட்டன. ஒன்று கிடங்கில் இருந்தது. கிடங்கில் யார் இருக்கிறாள்? அவளிடமே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. அடுக்கிலிருந்து இறக்கி, மேஜை மேல் விரித்தாள். முன்பு படம் எடுத்தபோது குறித்து வைத்த சீட்டைப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஸ்டாண்டைப் பூட்டினேன். ஒரு படம். நகர்த்து என்றேன், ஒரு சாண் நகர்த்தினாள். இன்னொரு படம்.

கோடு நகர்ந்துவிட்டது, தம்பி.

நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேமரா எதைக் காட்டுகிறது என்று அவள் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. துணியைப் பார்த்தாள், விரலை வைத்தாள், இதோ இருக்கே அக்கா, ஊடை விட்டுப்போயிருக்கு என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. வேலையில் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் பையிலிருந்த நூல் கண்ணாடியை எடுத்து அவள் விரல் பக்கத்தில் வைத்து எப்போதும் போல் இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். ஒன்றுமில்லை. சுத்தமான துணி. பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

இருந்தது. பல் விழுந்த ஈறு மாதிரி பளிச்சென்று இருந்தது.

இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. அதன் பிறகு கண்ணாடியை வைத்து, தெரியாத கண்ணால் பார்த்து, சுத்தம் என்று நானே விட்டிருக்கிறேன். குறையைக் கண்டுபிடித்ததும் நான், தப்ப விட்டதும் நான். நாளைக் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அத்தான் லீவு போட்டுவிட்டார். இந்தத் தடவை செய்தித்தாள் புரட்டவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அக்கா

* * *

மூன்று வாரத்துக்குப் பிறகு, சனி

அன்புள்ள தம்பிக்கு,

நடுவில் நீ அனுப்பிய ஐந்து மெயிலையும் உன் அத்தான் படித்துக் காட்டினார். பதில் எழுதாததற்குத் திட்டாதே. வலது கண்ணில் ஒரு ஊசி போட்டிருக்கிறார்கள். கண்ணிலா ஊசி என்று அலறாதே, நான் அலறி முடித்துவிட்டேன். கொசு கடித்த அளவுதான். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. முறையாகச் சொல்கிறேன்.

டாக்டர் சின்னப் பெண், கை மட்டும் பனிக்கட்டி. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பாருங்கள் என்றார். வலது கண்ணால் பார்த்தேன். நடுவில் நாலைந்து கட்டம் நெளிந்து கிடந்தது. நெசவில் குறை இருக்கிறது டாக்டர், நடுவிலே பாவு இழை தளர்ந்திருக்கிறது, இந்தத் தாளை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். அவர் சிரிக்கவில்லை, உன் அத்தான்தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது சிரிப்பில்லை.

சர்க்கரை ஏறி ஏறி, கண்ணுக்குள்ளே நடுவில் நீர் கசிந்து வீங்கியிருக்கிறதாம். அதனால்தான் நேர்க்கோடு வளைகிறது, நடுப்புள்ளி மங்குகிறது. உன் கேள்வி எல்லாம் அதுதானே? நடுவிலா ஓரத்திலா, நடுவிலா ஓரத்திலா என்று கேட்டாயே. உனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அக்கா, உன் கண்ணில்தான் கோளாறு என்று எழுதியிருந்தால் நான் உன்னையும் வாயை மூடச் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் துணியை நகர்த்தச் சொன்னாய். பிறந்த நாள் முதல் உன்னைப் பார்க்கிறேன், இவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரியாமல் போயிற்று.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். மாதம் ஒரு ஊசி, இன்னும் இரண்டாவது போட வேண்டும். சர்க்கரையை இறக்க வேண்டும். பார்வை முழுசாகத் திரும்பலாம், முக்கால்வாசி திரும்பலாம், இதோடு நிற்கலாம். இடது கண் நன்றாக இருக்கிறது. நடக்கிறேன், டீயில் சர்க்கரையை விட்டேன், அத்தான் தட்டிலிருந்து திருடித் தின்பதையும் விட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மில்லுக்குத்தான் போனேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மனசு மாறிவிடும் என்று பயம். கடைக்காரரின் கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது, மேனேஜரின் கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது. கேமராவை எடுத்து மேனேஜரின் மேஜை மேல் வைத்து, பூசி மெழுகாமல் சொன்னேன். ஆதாரம் கொண்டு வருகிறேன் என்றேனே, இதோ, நான் சுத்தம் என்று விட்ட இடங்கள், நாலில் குறை, முன்னே திரும்பி வந்த மூன்றும் நான் விட்டதுதான், புதுசு என் முத்திரையைத் தொடவே இல்லை, நான் சொன்னது பொய், தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய் என்றேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். இதை நீங்கள் சொல்லாமல் அழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்றார். கேமராவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு பேர் போதாதா என்றேன். வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது, பார்த்தாயா.

முத்திரையையும் நானே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மூன்று மாதம் பேக்கிங். ஆமாம், அதே அட்டைப்பெட்டி, அதே டேப். டேப்பை நேராக ஒட்டுவதிலும் ஒரு கை பழக்கம் இருக்கிறது, அங்கே ஒருத்திக்கும் அது தெரியவில்லை, இந்த வாரம் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கண் திரும்பினால் மேஜைக்குத் திரும்புவேன். திரும்பாவிட்டால் அதையும் பார்த்துக்கொள்வேன். இன்னொன்று, துணி பார்க்கிற அத்தனை பேருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை என்று மேனேஜர் போர்டில் எழுதி ஒட்டிவிட்டார். ஊரெல்லாம் டிரைவர்களுக்குச் செய்கிறார்கள், இங்கே ஒருவருக்கும் இத்தனை வருஷம் தோன்றவில்லை.

புதுசைப் பற்றிக் கேட்பாய். அன்றைக்கே கிடங்கிலிருந்து மேஜைக்கு வந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டிப்பிடித்து அழுதோம் என்று நினைக்காதே. சரிங்க அக்கா, ஆனா அந்தத் தூசியில நின்னது நான்தானே என்றாள். நியாயம்தானே? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் என் பக்கமே திரும்பவில்லை. போன வியாழக்கிழமை பேக்கிங் பக்கம் வந்து நின்றாள். அந்தக் கேமராவில் என்னை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா, என்னைக் கிடங்குக்குத் தள்ளிவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து எங்கள் அம்மா தூங்கவில்லை, மறுபடி மேஜைக்கு வந்துவிட்டேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள், கண்ணாடி மேஜையில் விளக்கு எரிய நான் நிற்கிற மாதிரி வேண்டும் என்றாள்.

எடுத்தேன். இடது கண்ணை வைத்து, மூக்கை ஸ்கிரீனில் அப்பிக்கொண்டு. கீழேயிருந்து வந்த வெளிச்சம் அவள் முகவாயில் விழுந்தது, இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான், நீர்க்காகம் இரண்டாவது. படத்தைப் பார்த்துவிட்டு, நான் இவ்வளவு கறுப்பா என்றாள். இருமல் நின்றிருக்கிறது. அவளுக்குப் புதுசு என்று பேர் வைத்தவளே நான்தான், இனி அப்படிக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. என் கடைசி மதிப்பீட்டை எழுதிக்கொள். கழுத்துப் பட்டையில் ஒரு தையல் பிசகல். ஐ.எஸ்.ஓ. ஆறாயிரத்து நானூறில் மணல். மூக்கு நீளமானவர்களுக்குக் கொஞ்சம் இடைஞ்சல். மற்றபடி இதில் ஒரு குறையும் இல்லை. திருட்டுக் கேமரா என்று எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நானாக ஒத்துக்கொள்ளாத ஒன்றை முப்பத்தெட்டு ரோல் முழுக்கச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது, அது போதும்.

இப்போது உன் பக்கம். நம் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே இனிப்புப் பைத்தியம், ஒரே பிடிவாதம். எனக்கு வந்தது உனக்கும் வரலாம். அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கண்ணைக் காட்டு, சர்க்கரைக்கு ரத்தம் கொடு, சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. நேரமில்லை என்று எழுதினால் உன் கேப்டனுக்கே எழுதுவேன், என்னைத் தெரியுமல்லவா.

இரண்டாவது ஊசி இருபத்தாறாம் தேதி. அத்தான் கூட வருவார், நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம், வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். ஆனால் மூன்றரை வருஷமாயிற்று. உனக்கு லீவு எப்போது என்று நான் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன். உன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே ஒன்று இருக்கிறது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, நேரே உள்ளே ஓடி வராமல், அந்தக் கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் அசையாமல் நில். நான் இடது கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட்ட கண்ணால் உன்னைப் பார்க்க வேண்டும்.

எந்தக் கடலில் இருந்தாலும் நல்லபடியாக இருடா.

உன் அக்கா